செட்டிநாட்டு ஊரில் வரலாற்றுக் காட்சியகம் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கும். அப்படி ஒரு வீட்டின் ஏதோ ஒரு அறையில் துணி சுற்றிய பழைய கணக்கு மூட்டை இருக்கும், அதை எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் வாரிசு சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். அந்த மூட்டையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊருக்கு ஒரு சின்ன வரலாற்றுக் காட்சியகம் வேண்டும் என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) விடுதியிலோ பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு கூடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது உதவும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள்களில் தொடங்காதீர்கள், கோயில், கடை, பள்ளி, சங்கம் போன்ற அமைப்புகளில் தொடங்குங்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் ஏற்கெனவே நிறையக் காட்டப்பட்டாயிற்று. சென்னைக்கு அருகே முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். 2015-ல் திறந்த சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு நிலைக்கதவு நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால், இடித்த வீடுகளிலிருந்து வந்த சாமான்களைக் கடை கடையாகப் பார்க்கலாம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோதும் பேச்சு பெரும்பாலும் வீடுகளைப் பற்றியே இருந்தது. ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய பணம் எப்படிச் சுழன்றது, ஒரு திருமணம் எந்தக் கோயிலில் எப்படிப் பதிவானது, பதினைந்து வயதுப் பையன் எந்த நம்பிக்கையில் கப்பலேறிப் போனான், அங்கே அவனுக்கு யார் சோறு போட்டது, இதைச் சொல்லும் இடம் மிகக் குறைவு. உங்கள் ஊர்க் காட்சியகம் அந்த வேலையைச் செய்யட்டும்.

படி 1: ஒரு ஊர், ஒரு கேள்வி

"நகரத்தார் வரலாறு" என்று தலைப்பு வைத்தால் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கி இன்று வரை இழுக்க வேண்டியிருக்கும், ஒரு கூடம் போதாது. உங்கள் ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். "நம்ம ஊர்ப் பணம் எங்கே போய் எங்கே வந்தது?" என்பது நல்ல கேள்வி. "நம்ம ஊரில் யார் யார் எந்தக் காரியத்தைச் சேர்ந்து செய்தார்கள்?" என்பது இன்னும் நல்ல கேள்வி, ஏனென்றால் இதற்குள் செட்டியார் மட்டுமல்ல, கொத்தனார், ஆசாரி, கணக்குப்பிள்ளை, சமையல்காரர், கண்டாங்கிச் சேலை நெய்தவர், ஓலைக் கொட்டான் முடைந்தவர் எல்லோரும் வருவார்கள். ஒரு சாதியின் பெருமைக் கண்காட்சியாக ஆகிவிடாமல் ஊரின் காட்சியகமாக நிற்க வேண்டும் என்றால் இந்தக் கேள்விதான் காப்பாற்றும். குழுவிலும் அப்படியே: நகரத்தார் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், கைத்தொழில் குடும்பத்திலிருந்து ஒருவர், வயதான பெண் ஒருவராவது வேண்டும்.

படி 2: அமைப்புகளைப் பட்டியல் போடுங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், காட்சியகத்தின் அடித்தளமே இதுதான்.

முதலில் கோயில். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இவற்றில் சிலவற்றுக்கு உட்பிரிவுகளும் உண்டு. யார் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதை இந்தக் கோயில் பிரிவுதான் தீர்மானித்தது. திருமணம் நடக்கும்போது கோயிலிலிருந்து மாலை வரும், அதுவே பதிவு. மணமான தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கு வைத்து, புள்ளிக்கு இவ்வளவு வரி என்று கோயிலுக்குக் கட்டுவார்கள். ஆக, மக்கள்தொகைக் கணக்கு, திருமணப் பதிவேடு, வரி வசூல் மூன்றும் ஒரே கோயிலில் நடந்திருக்கின்றன. பார்க்க வருபவருக்கு இதைப் புரிய வைத்துவிட்டால், கோயிலை அவர் இனி வேறு கண்ணோடு பார்ப்பார். உங்கள் ஊரில் எந்தெந்தக் கோயில் பிரிவினர் இருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள், அதுவே காட்சியில் முதல் படமாக வரலாம்.

அடுத்து வட்டிக்கடை. கடல் கடந்த கடை என்றால் கிட்டங்கி. நீளமான ஒரு கூடம், அதில் வரிசையாகப் பெட்டியும் சாய்மேசையும் பாயும், ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு தனிக் கடை. மேலாள் ஒருவர், கீழே அடுத்தாள், அதற்கும் கீழே தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்குக்கு ஒப்புக்கொண்டு போவார்கள், கணக்கு முடித்து ஊர் வருவார்கள். முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருந்து கடிதத்தில் நிர்வாகம் செய்வார்.

இங்கேயும் கோயில் வந்துவிடும். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடித்தான் வட்டி வீதத்தை முடிவு செய்தார்கள். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயில் 1857-ல் எழுந்தது, சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-ல். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863-ல். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்து ஆண்டுக்குள் மூன்று இடங்களில் ஒரே சமூகம் ஒரே மாதிரி அமைப்பைக் கட்டியிருக்கிறது. போகிற இடத்தில் தங்க, சாப்பிட, கும்பிட, தகராறு வந்தால் பேசித் தீர்க்க ஒரு இடம். இந்தத் தேதிகளைக் காலவரிசைப் பலகையாக எழுதுவதை விட வரைபடத்தில் போட்டு உங்கள் ஊரோடு கோடு இழுத்துக் காட்டுவது நல்லது.

பிறகு கல்வி, அச்சு, வங்கி. 1909-ல் மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை. 1917-ல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கம். பாரதியார் 1919-ல் வந்து அங்கே தங்கினார், கையில் கோலுடன் நிற்கும் அந்தப் படம் காரைக்குடியில் எடுத்ததுதான். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது, பெட்டியடியிலிருந்து நவீன வங்கிக்கு நடந்த மாற்றத்தை இந்த ஒரு செய்தியிலேயே காட்டிவிடலாம். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம். 1947-ல் அழகப்பா கல்லூரி, 1948-ல் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேரு அடிக்கல். அதற்கு அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். குமரன், ஊழியன் போன்ற பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள்.

இவையெல்லாம் பெரிய பெயர்கள். உங்கள் ஊரில் இவ்வளவு பெரிதாக இல்லாமல் ஒரு ஊருணி, ஒரு திண்ணைப் பள்ளி, ஒரு படிப்பகம், ஒரு பாதயாத்திரைக் குழு இருக்கலாம். அதற்கே முதலிடம் கொடுங்கள். பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடக்கும் குழுவின் செலவுக் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தால் அது ஒரு பெட்டக அலங்காரத்தை விடப் பெரிய சொத்து.

படி 3: வீடுகளுக்குப் போவது

நோட்டீஸ் ஒட்டினால் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். நேரில் போக வேண்டும், அதுவும் தை மாதத்திலோ கோயில் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வெளியூர்க்காரர்கள் வரும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். பொங்கலுக்கு வீடு திறந்திருக்கும், பேச ஆளும் இருக்கும்.

போனவுடன் "பழைய சாமான் ஏதாவது இருக்கா?" என்று கேட்காதீர்கள். வியாபாரி வந்திருக்கிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். "ஆச்சி, ஐயா பர்மாவிலிருந்து எழுதின கடுதாசி ஏதும் இருக்கா? கல்யாணத்து மொய்ப்பண ஏடு வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். பெண்கள்தான் காகிதத்தைப் பாதுகாத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு என்னென்ன கொடுத்தோம் என்று எழுதிய முறைச்சிட்டை, திருமணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட இசைகுடிமானம், சீதனப் பணத்தைக் கடையில் வட்டிக்குப் போட்ட வரவு, வேறு வைத்தபோது (தனிக்குடித்தனம் வைத்தபோது) கொடுத்த சாமான் பட்டியல் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பெட்டியில்தான் இருக்கும்.

குப்பை என்று ஒதுக்குவதையும் கேட்டு வாங்குங்கள். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடை விளம்பரம், தீப்பெட்டி லேபிள், துணி மார்க்கா. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, அழைப்பிதழ், துண்டு நோட்டீஸ் என்று சேர்த்துக்கொண்டே போனார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அது நாடு விட்டுப் போகாமல் சென்னையிலேயே 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக ஆக வழி செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு செட்டிநாட்டு ஊரில் தொடங்கிய காரியம் அது.

சில பொருள்களை வாங்கவே கூடாது. கோயில் விக்கிரகம், கோயில் நகை எதையும் ஏற்காதீர்கள், யார் கொடுத்தாலும். தந்தத்தில் செய்த பொருள் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், வனத்துறையிடம் எழுத்தில் கேட்காமல் தொடாதீர்கள். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களும் 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், அவற்றில் சில வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும், எதையும் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உறவுக்காரர் மலேசியாவுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

படி 4: எழுத்தில் வாங்குங்கள்

தானமா, இரவலா? இரவல் என்றால் எவ்வளவு காலம்? படம் எடுத்து இணையத்தில் போடலாமா? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பங்கு பிரிக்காத வீட்டிலிருந்து ஒரு பங்காளி மட்டும் தூக்கிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வளவு (பங்காளிகள் சேர்ந்து வாழும் வீடு) எல்லோருக்கும் பொது, பெட்டகமும் அப்படித்தான், நாளைக்கு இன்னொரு பங்காளி வந்து கேட்டால் காட்சியகத்தின் பெயர்தான் கெடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுங்கள்: வருடம், அந்த வருடத்தில் வந்த எத்தனையாவது தொகுதி, தொகுதிக்குள் எத்தனையாவது பொருள். 2025.4.17 என்றால் 2025-ல் வந்த நாலாவது தொகுதியின் பதினேழாவது பொருள். தடித்த அட்டைப் பதிவேட்டில் பேனாவால் எழுதுங்கள், கணினியிலும் ஏற்றுங்கள். காகிதத்தில் எண் போட மென்மையான பென்சில் மட்டும்தான், பின்பக்கம் ஓரத்தில். யார் கொடுத்தது, எந்த வீடு, எந்த அறையில் இருந்தது, அவர் என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மறந்துபோகும், அப்புறம் அது வெறும் பழைய காகிதம்தான்.

படி 5: பூச்சி, ஈரம், செல்லோடேப்

புதிதாக வந்த மூட்டையை நேராக மற்றவற்றோடு வைக்காதீர்கள், தனி அறையில் கொஞ்ச நாள் வையுங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் அப்படித்தான் பரவுகின்றன. பூச்சி இருப்பது தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். காகிதக் கட்டை நல்ல பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துவிடும். கண்ணாடி நெகடிவ், ஓவியம், மரத்தில் ஒட்டிய படம் இவற்றுக்கு இந்த வழி ஆகாது.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். லேமினேஷனும் கூடாது, பாதுகாக்கிறோம் என்று நினைத்து அழித்துவிடுவோம். அந்துருண்டை காகிதத்தில் படக்கூடாது. ஏட்டுச் சுவடி என்றால் மென்மையான பிரஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, எண்ணெய் பூசுவது, மை ஏற்றுவது எல்லாவற்றையும் பழகியவர்களிடம் விடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, தஞ்சை சரசுவதி மகாலில் சுவடி அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

பிறகு ஸ்கேன். கணக்கும் கடிதமும் 400 டிபிஐ, புகைப்படம் 600, டிஃப் (TIFF) கோப்பாக. கணக்குப் புத்தகத்தை விரித்து அழுத்தினால் முதுகு உடையும், மேலே கேமரா வைத்து எடுப்பது நல்லது.

படி 6: கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஆனால் செட்டிநாட்டுக் காட்சியகத்துக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது. அன்றாட வரவு செலவு எழுதிய குறிப்பு, ஆள் வாரியாகப் பிரித்து ஏற்றிய பேரேடு, கணக்கு முடிக்கும்போது எடுத்த ஐந்தொகை என்று வரிசைப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

தமிழ் எண்கள் முதலில் மிரட்டும். பழைய கணக்கில் கால், அரை, முக்காலோடு நிற்காது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு அட்டவணை அச்சடித்து மேசையில் ஒட்டிக்கொண்டால் கொஞ்ச நாளில் கண் பழகிவிடும்.

தேதிதான் பெரிய சிக்கல். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "விசு வருடம் மார்கழி" என்று ஒரு கடிதத்தில் இருந்தால் அது 1881 ஆகவும் இருக்கலாம், 1941 ஆகவும் இருக்கலாம். முதலாவது என்றால் பர்மா வணிகம் வளர்ந்துகொண்டிருந்த காலம். இரண்டாவது என்றால் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்ட மாதம், 1941 டிசம்பர் 23. ஒரே சொல், இரண்டு வேறு உலகம். எப்படிப் பிரிப்பது? தபால்தலையைப் பாருங்கள். விக்டோரியா முகமா, ஜார்ஜ் முகமா? பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது 1937 ஏப்ரல் 1. அதுவரை அங்கேயும் இந்தியத் தபால்தலைதான், அதன்பிறகு பர்மா என்று மேலே அச்சிட்ட தலை வந்தது. தாளின் நீர்க்குறி, அச்சகத்தின் பெயர், எழுதியது எழுத்தாணியா பேனாவா பென்சிலா என்பதும் உதவும்.

விலாசம் என்று அவர்கள் சொல்லும் முதலெழுத்து வரிசையையும் படிக்கப் பழகுங்கள். அதில் பாட்டன், தகப்பன் பெயரெல்லாம் சுருங்கி நிற்கும், கடையின் பெயரும் அதுவே. பிள்ளை கூட்டிய (தத்து எடுத்த) வீடுகளில் விலாசம் மாறும், ஆகவே இரண்டு விலாசம் வந்தால் இரண்டு குடும்பம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், ஊரில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. பிராமிசரி நோட்டு, அடமானப் பத்திரம், தத்துப் பத்திரம் இவற்றில் இருக்கும் பெயர்களைக் காட்சியில் மறைத்துவிடுங்கள். கடன் வாங்கியவரின் பேரன் அடுத்த தெருவில் இருப்பார். தன் பாட்டன் நகையை அடகு வைத்த செய்தியை அவர் கண்ணாடிப் பெட்டியில் படிக்க நேரக்கூடாது.

படி 7: பேச்சைப் பதிவு செய்யுங்கள்

செல்போனே போதும், ஒரு காலர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள். சம்மதக் கையெழுத்து வாங்குங்கள்.

யாரிடம் பேசுவது? குழந்தையாக பர்மாவிலிருந்து வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில். 1942-ல் கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் காடு மலை கடந்து நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். 1963-64-ல் வங்கிகளும் கடைகளும் தேசியமயமானபோது மறுபடி ஒரு கூட்டம் வெறுங்கையோடு வந்தது. இரண்டும் வேறு வேறு வருகை, கலந்து எழுதிவிடாதீர்கள்.

பிறகு ஊரிலேயே இருந்த பெண்கள். கணவன் மூன்று வருடம் இல்லாத வீட்டில், ஒரே வளவில் அண்ணன் தம்பி குடும்பங்கள் தனித்தனி அடுப்பு வைத்து வாழ்ந்த வீட்டில், செலவை யார் பார்த்தது? கடிதம் வர எத்தனை நாள்? பிள்ளையார் நோன்பில் இழை (திரி ஏற்றிய மாவுப் பிள்ளையார்) எடுத்துக்கொள்ளும்போது வெளிநாட்டில் இருப்பவருக்கு என்ன செய்தார்கள்? இதையெல்லாம் கணக்குப் புத்தகம் சொல்லாது.

அப்புறம் வேலை செய்தவர்கள். வெள்ளைப் பூச்சைக் கண்ணாடிபோல் தேய்த்தவர், ஆத்தங்குடி மணலில் கல் போட்டவர், பந்திக்குச் சமைத்தவர், பெட்டி சுமந்தவர். "அந்தக் காலத்தில் எங்களை முகப்பைத் தாண்டி விட மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் அதை வெட்டாதீர்கள், அதே சொற்களில் சுவரில் போடுங்கள். வீட்டின் அழகைப் பற்றிய பத்துப் பலகைகள் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லும்.

படி 8: கூடத்தில் எதை எங்கே வைப்பது

நான் அமைப்பதாக இருந்தால் ஐந்து நிறுத்தம் வைப்பேன்: ஊரும் கோயிலும், பெட்டியடி, கடல் கடந்தது, திரும்பி வந்தது, கட்டிக் கொடுத்தது. கல்வி, நூலகம், கழகம் எல்லாம் கடைசியில் வரும்.

பெட்டியடிக்குத் தரையிலேயே இடம் விடுங்கள். ஒரு கடைக்குக் கிட்டங்கியில் எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு டேப் ஒட்டி, ஒரு பாய், ஒரு சாய்மேசை, ஒரு பெட்டி, பேரேட்டின் நகல் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கட்டும். இவ்வளவு சின்ன இடத்தில் வேலை செய்து அவ்வளவு பெரிய வீடு கட்டினார்களா என்று அவர்களே கேட்பார்கள், நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பதில் அடுத்த நிறுத்தத்தில் இருக்க வேண்டும்.

அந்த அடுத்த நிறுத்தம்தான் கடினமானது, அதில் நேர்மையாக இருங்கள். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டா காடு நெல்வயலாக மாறியது, அதற்கு முதல் போட்டவர்களில் நம்மவர்கள் முன்னணி. அது உண்மைதான், சொல்லுங்கள். ஆனால் 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் அவர்கள் வசம் இருந்தது, 1938-ல் அது 25 சதவீதம். அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்ல, பணமாகத் திரும்பி வருவதைத்தான் விரும்பினார்கள் என்பதும் உண்மை, நிலத்தை இழந்த உழவனுக்கு அது ஆறுதல் இல்லை என்பதும் உண்மை. 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களுக்கும், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நிலச் சட்டத்துக்கும் இந்தப் பின்னணி இல்லாமல் பொருள் கிடையாது. நாம் இழந்த சொத்தை மட்டும் ஒரு சுவரில் எழுதி, அவர்கள் இழந்த நிலத்தை எழுதாமல் விட்டால் அது பாதிக் கணக்கு. இரண்டு பத்தியும் எழுதிப் பழகிய சமூகத்துக்கு வரவும் பற்றும் இரண்டும் வேண்டும் என்று சொல்லவா வேண்டும்?

இந்த இடத்தில் குழுவில் சண்டை வரும். வரட்டும். திறப்பு விழாவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

படி 9: பலகை எழுதுவது

ஒரு பொருளுக்கு ஐம்பது அறுபது சொல். அதற்கு மேல் நின்று படிக்க மாட்டார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், தமிழ் முதலில். பொருள் என்ன என்பதை விட அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"சம்பளச் சீட்டு. ரங்கூன் கடைக்கு அடுத்தாளாகப் போகிறவர் மூன்று வருடக் கணக்குக்கு ஒப்புக்கொண்டு எழுதியது. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். கணக்கு முடியும் வரை ஊருக்கு வர முடியாது. சீட்டின் பின்பக்கம் வீட்டுச் செலவை மனைவி எழுதி வைத்திருக்கிறார்."

"அரிய", "பழமை வாய்ந்த", "பாரம்பரியமிக்க" போன்ற சொற்களைப் பார்த்ததும் அடித்துவிடுங்கள். நன்கொடையாளர் பெயர் சிறிய எழுத்தில் கீழே வரலாம். நன்கொடைத் தொகையைப் பொறுத்துப் பலகையின் அளவு மாறக்கூடாது.

படி 10: வெளிச்சமும் பெட்டியும்

காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டாம், செல்போன் செயலியிலேயே ஏறத்தாழ அளக்கலாம். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. மூலக் கடிதத்தை மூன்று மாதத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் மாற்றிக்கொண்டே இருங்கள், மற்ற நேரத்தில் நல்ல நகல் போதும், நகல் என்று எழுதிவிடுங்கள். ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பது ஏசி இல்லாததை விடக் கெடுதல். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவரும் முற்றமும் ஏற்கெனவே வெப்பத்தைத் தணிக்கும், அந்த மாதிரி கூடம் கிடைத்தால் ஏசியே வேண்டாம். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும், பிள்ளைகளுக்கான பொருள்களைக் கீழே இறக்குங்கள்.

படி 11: திறந்த பிறகு

திறப்பு விழாவோடு பூட்டிவிடும் காட்சியகங்கள்தான் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் உறுதியாகத் திறப்போம் என்று முடிவெடுத்து அதைக் காப்பாற்றுங்கள், ஏழு நாளும் திறப்போம் என்று எழுதிவிட்டுச் சாவிக்காரரைத் தேட வைப்பதை விட அது மேல். உள்ளூர்ப் பள்ளிகளை வகுப்பு வகுப்பாக அழைத்து, ஆளுக்கு ஒரு பேரேட்டுப் பக்க நகலைக் கொடுத்துத் தமிழ் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். ஊரில் ஒரு கல்யாணம் நடந்தால் பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் எண்ணிச் சரிபாருங்கள். இரவல் தவணை முடிந்தவற்றைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள், அடுத்த வீட்டில் நம்பிக் கொடுப்பார்கள். ஸ்கேன் செய்த கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து ஒன்றை வேறு ஊரில் வையுங்கள், பதிவேட்டின் நகலையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். சாவியும் கடவுச்சொல்லும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம், குழுவில் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் ஊரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும்.